பெட்ரோல் மூடியில் வைத்த அரக்கு

சுகாதார இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். உங்களில் ஒருவர், "ஜீப் இல்லாத காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். "ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். நீங்கள் போனபிறகு என் மனைவி தனபாக்கியம், "அந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் மகள் அஞ்சலையைப் பற்றியும், மயிலத்துக்கு நடந்துபோன ஒரு காவடிக்காரரைப் பற்றியும் பேசாமல் நிறுத்த முடியாது. இத்தனை வருஷம் ஆகியும் அதை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

யுத்த காலம். நான் திண்டிவனத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். விழுப்புரத்து இன்ஸ்பெக்டரைப் பட்டாள வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. அவருடைய ஊர்களும் என் தலையில் விழுந்தன. பஸ்கள் கரி வாயுவில் ஓடிய நாட்கள் அவை. மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். நான் சைக்கிள் மிதித்து ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வாந்திபேதி எனக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். நேற்று காலையில் சேதி வந்திருந்தால் இரண்டு பேரைப் பிழைக்க வைத்திருக்கலாமே என்று எத்தனையோ வாசல்களில் நின்று நினைத்திருக்கிறேன்.

வேர்க்கடலையை மல்லாட்டை என்போமே, அந்த மல்லாட்டை மண்டி முதலாளி ஒருவரின் வீட்டாருக்கு அம்மை குத்தப் போனபோதுதான் அந்த வண்டியைப் பார்த்தேன். மண்டியின் மூலையில், சாக்கு மூட்டைகளுக்கு அடியில், ஒரு கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் செய்த வண்டி. முதலாளியின் மருமகன் புதுச்சேரியில் வாங்கி வந்து, ஒருமுறை விழுந்து கையை ஒடித்துக்கொண்டபின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"இது ஓடுங்களா?" என்று கேட்டேன்.

"எங்க ஓடுறது? எலிங்கதான் உள்ள ஓடிக்கினு கீது. வேணும்னா எடுத்துக்கினு போங்க சார், மூட்ட அடுக்க எடமாவது கெடைக்கும்."

சைக்கிள் செயின் கழன்றால்கூடக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவன் நான். இருந்தும் இரண்டு ஆட்களை வைத்து அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டில் ஒரு பஸ் டிரைவர் குடியிருந்தார். வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இத ஓட்டப் போறீங்களா, இல்ல பொட்டு வெச்சிப் பூச போடப் போறீங்களா?"

தெருவே சிரித்தது. அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். வண்டியின் விளக்குக் கண்ணாடியைப் பாவாடை நுனியால் துடைத்து அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை. அவளுக்கு முன்னால் எங்களுக்குப் பிறந்த பையன் தங்கவில்லை. அதன்பிறகு இவள் ஒருத்திதான். ஊரெல்லாம் நோயைத் தேடி அலைகிற உத்தியோகம் வேறு. வீட்டுக்கு வந்தால் என் கண் முதலில் அவள் நகத்தைப் பார்க்கும், நாக்கைப் பார்க்கும். திருவிழாவில் ஒரு ஐஸ்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. "உங்க அப்பாவுக்கு நீ பொண்ணு இல்லடி, கேஸு" என்று தனபாக்கியம் அவளிடம் சொல்வாள்.

வண்டியைப் பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து, கையில் அகப்பட்ட திருகாணியையெல்லாம் கழற்றி முற்றத்தில் பரப்பினேன். உள்ளே எங்கு பார்த்தாலும் மல்லாட்டைத் தொலி. புகைக்குழாயில் ஒரு எலிக்கூடு. கார்புரேட்டருக்குள் எறும்புப் புற்று. பிரிப்பது அவ்வளவு எளிதாக இருந்ததில் எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. மறுநாள் பூட்ட உட்கார்ந்தபோதுதான் எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஒரு ஸ்பிரிங்கைக் காணோம். தனபாக்கியம் முற்றம் பெருக்கும்போது தொலியோடு சேர்த்து வாரிக் குப்பையில் போட்டிருந்தாள். குப்பையைக் கிளறி அவளே அதை எடுத்தும் கொடுத்தாள்.

"இன்னாங்க இது, கலியாண வீட்டுப் பாத்திரம் மாதிரி எல்லாத்தையும் எறச்சி வெச்சிக்கினு? ஒண்ணக் கழட்டுங்க, தொடைங்க, அத மாட்டிட்டு அடுத்ததுக்குப் போங்க. எதத் தொட்டோம்னு ஞாபகம் இருக்க வேணாமா?"

ஒரு முறத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப்பிறகு முறத்தில் இருப்பதற்கு மேல் எதையும் கழற்றக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

மாதக்கணக்கில் ஆயிற்று. டயர் கிழிந்த இடத்துக்கு உள்ளே லாரி டயர்த் துண்டை வைத்து ஒப்பேற்றினேன். கைப்பிடியில் தீப்பொறியை முந்தவோ பிந்தவோ வைக்கிற ஒரு சின்னக் குச்சி இருந்தது. அதைப் பின்னுக்குத் தள்ளாமல் கிக்கரை உதைத்துவிட்டேன். அது திரும்பி என் முழங்காலுக்குக் கீழே அடித்த அடியில் ஒரு வாரம் நொண்டினேன். அஞ்சலை அந்தக் குச்சிக்கு "கோபக்கார மாமா" என்று பேர் வைத்தாள். நான் உதைக்கப் போகும்போதெல்லாம், "அப்பா, மாமாவப் பாத்தியா?" என்று கத்துவாள்.

கடைசியில் ஒரு நாள் அது உயிர் பிடித்தது. பெரிய சத்தத்தோடு புகைக்குழாயிலிருந்து மிச்சமிருந்த தொலியெல்லாம் எதிர்வீட்டு வாசலில் போய் விழுந்தது. பஸ் டிரைவர் வெளியே ஓடி வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "சத்தம் சரியாத்தான் கீது சார்" என்றார். அந்தச் சொல்லில் எனக்கு இருந்த பெருமையை எந்த மேலதிகாரியும் எனக்குத் தந்ததில்லை.

பெட்ரோல் கூப்பனுக்குக் கிடைத்தது. வேலைக்குப் போதும் போதாததுமாகத்தான் கொடுப்பார்கள். பங்குனி வெயில் ஏற ஏற, வீடு முழுவதும் பெட்ரோல் வாசனை. வண்டி நிற்பது சமையல்கட்டுக்குப் போகும் நடையில். "ஒல வெக்கவே பயமா கீதுங்க" என்றாள் தனபாக்கியம். பார்த்தேன். பெட்ரோல் தொட்டியின் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. வாசனை அதன் வழியாகத்தான் வருகிறது என்று எனக்குப் பட்டது. அருமையாகக் கிடைக்கிற பெட்ரோல் ஆவியாகப் போகிறது, வீட்டுக்கும் ஆபத்து. ஊசி மருந்துப் பார்சல்களுக்கு முத்திரை வைக்கிற அரக்கு வீட்டில் இருந்தது. மூடியைத் தனியாக முற்றத்துக்குக் கொண்டுபோய், அரக்கை உருக்கி ஒரு சொட்டு வைத்தேன். துளை அடைந்தது. வாசனையும் குறைந்தது. காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் மயிலம் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம். விழுப்புரம் பக்கத்திலிருந்து காவடி எடுத்து நடந்து வருகிறவர்களுக்கு வழியெல்லாம் பானகப் பந்தல் போடுவார்கள். தனபாக்கியத்தின் அக்காளுக்கு அந்த வழியில் ஓர் ஏரிக்கரை ஊர். வருஷா வருஷம் வேண்டுதலாகப் பந்தல் போடுகிறவர். "பாப்பாவ அனுப்புங்க தம்பி, ஊத்திக் குடுக்க ஒரு கை வேணும்" என்று ஆள் அனுப்பியிருந்தார். வேறு ஊராக இருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். அந்த ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு நானே முந்தின நாள் போய் மருந்து போட்டிருந்தேன். பிளீச்சிங் பவுடர் யுத்தத்தில் தட்டுப்பாடு. அதனால் பர்மாங்கனேட், ஊர்க்காரர்கள் சிவப்பு மருந்து என்பார்களே, அதைத்தான் கலக்கினேன். பந்தலுக்குத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான். ஜில்லாவிலேயே பத்திரமான தண்ணீர் அதுதான் என்ற நம்பிக்கையில் என் மகளைத் தனபாக்கியத்தோடு பஸ் ஏற்றி அனுப்பினேன். தனபாக்கியம் அவளை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலையில் சேதி வந்தது. அதே ஏரியின் எதிர்க்கரையில் இருக்கும் ஒரு சின்னக் குடியிருப்பில் இரண்டு பேருக்கு வாந்திபேதி. வண்டியில் போனேன். போகும் வழியில் இரண்டு தடவை நின்று நின்று கிளம்பியது. புது வண்டியா, பழசுதானே என்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போய்ப் பார்த்தால் சந்தேகமே இல்லை, காலராதான். கஞ்சித் தண்ணீர் மாதிரிப் போகிறது, கண் உள்ளே போய்விட்டது. படுத்திருந்த இருவருக்கும் உப்புத் தண்ணீர் ஏற்ற ஏற்பாடு செய்து, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஆளும் அனுப்பினேன். எங்கே வெளிக்குப் போனார்கள் என்று கேட்டேன். விடிய விடிய ஏரிக்கரைதான் என்றார்கள். கோடையில் வற்றின ஏரி. நடுவில் கிடந்த தண்ணீர் அவர்கள் உட்கார்ந்த இடத்தை ஒட்டித்தான் இருந்தது.

சரி, யாரும் இந்தத் தண்ணீரை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். அக்கரையில் கீற்றுப் பந்தல் தெரிந்தது. அதற்குக் கீழே, தண்ணீர் ஓரமாக, ஒரு மாட்டு வண்டி. மேலே பீப்பாய்.

பக்கத்தில் நின்றவரிடம், "அது இன்னா வண்டிங்க?" என்று கேட்டேன்.

"பந்தலுக்குத் தண்ணி மொள்றாங்க."

"கெணறு இருக்கே?"

"கெணத்துலதான் ஏதோ மருந்த போட்டுட்டாங்களாமே, ரத்தம் மாதிரி கெடக்குதாம். சாமிக்கு வெக்கிற பானகத்துக்கு அத எப்பிடிங்க ஊத்துறது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தப் பந்தலில்தான் அஞ்சலை இருந்தாள்.

நேராகப் பார்த்தால் கூப்பிடு தூரம். ஆனால் நடுவில் இடுப்பளவு சேறு. இறங்கினால் அதிலேயே பாதி நாள் போய்விடும். ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டியை உதைத்தேன். ஓடியது. பெரிய ரோடு ஏறும்வரை ஓடியது. பிறகு இருமிற்று. நின்றது.

உதைத்தேன், உதைத்தேன், ஒன்றும் இல்லை. வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி உதைத்தபோது பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம். மறுபடி நின்றது. இந்தத் தடவை எவ்வளவு உதைத்தும் சரியாக வரவில்லை. காவடிக் கூட்டம் ஒன்று அரோகரா சொல்லிக்கொண்டு என்னைக் கடந்து போனது. வெயிலில் கால் பொரிய நடந்துகொண்டே ஒருவன் சொன்னான்:

"ஐயா, உங்க வண்டிக்கும் ஒரு காவடி வேண்டிக்கணும் போல கீது!"

கூட்டம் சிரித்துக்கொண்டே போயிற்று. அவர்கள் போகும் திசையில்தான் பந்தல். ஒவ்வொருவரும் அங்கே நின்று ஒரு சொம்பு வாங்கிக் குடிப்பார்கள். ஊற்றிக் கொடுப்பது என் மகள்.

கார்புரேட்டரைப் பிரிப்பது என்று முடிவு செய்தேன். திருப்புளியை எடுத்துத் திருகில் வைத்தும்விட்டேன். ரோட்டில் புழுதிக் காற்று. கடுகு அளவு சாமான் ஒன்று மண்ணில் விழுந்தால் அன்று முழுவதும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அப்படியே கையை நிறுத்தினேன். தம்பிகளே, என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், அந்தக் கையை நிறுத்தியதுதான். மனசு பதறும்போது எதையாவது பிரிக்கச் சொல்லும். பிரித்தால் வேலை நடக்கிற மாதிரி இருக்கும்.

போன வாரம் மயிலம் வரை நிற்காமல் ஓடிய வண்டி. இன்று நிற்கிறது. நடுவில் யார் கை பட்டது? என் கைதான். எதைத் தொட்டேன்?

தொட்டியின் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அந்தத் துளை வாசனை போவதற்கு வைத்ததில்லை, காற்று உள்ளே வருவதற்கு வைத்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வராமல், பெட்ரோலே கீழே இறங்காமல் நின்றிருக்கிறது. பையிலிருந்து ஊசி மருந்து குத்துகிற ஊசி ஒன்றை எடுத்து அரக்கை நோண்டித் தள்ளினேன். உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது.

வண்டி ஓட ஓட, அதே கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வருஷா வருஷம் கிணற்றுத் தண்ணீரில் பானகம் கரைத்த ஊர், இந்த வருஷம் ஏரிக்குப் போயிருக்கிறது. நடுவில் யார் கை பட்டது? மருந்து போட்டது தப்பில்லை. போட்டுவிட்டு, நிறம் போகும்வரை நீங்கள் தண்ணீருக்கு எங்கே போவீர்கள் என்று ஒருவரையும் கேட்காமல் வந்தேனே, அதுதான். அடைத்துவிட்டு வந்த பிறகு உள்ளே என்ன நடக்கும் என்று நான் இரண்டு இடத்திலும் பார்க்கவில்லை.

பந்தலில் கூட்டம். பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மணையின்மேல் ஏறி நின்று அஞ்சலை மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவள் எதிரில் காவடியைச் சாய்த்து வைத்துவிட்டு ஓர் ஆள், இடுப்பில் காவி வேட்டி, மார்பெல்லாம் விபூதி, கையில் நிறைந்த சொம்போடு நின்றார். இன்னும் வாயில் வைக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை இது:

"நீ குடிச்சியா?"

"இல்லப்பா. ஊத்துறவங்க கடைசியாத்தான் குடிக்கணுமாம். பெரியம்மா சொல்லிச்சு. எனக்குத் தாகமா கீது."

அந்தப் பதில் என் காதில் விழுந்து, நான் திரும்புவதற்குள் அந்த ஆள் சொம்பை அண்ணாந்து முடித்துவிட்டார். "முருகா" என்று வாயைத் துடைத்துக்கொண்டு, சொம்பை அவளிடம் நீட்டி, காவடியைத் தோளில் ஏற்றினார். கூட்டத்தோடு கலந்து போய்விட்டார். அவர் தொண்டை ஏறி இறங்கியதைத்தான் பார்த்தேன். முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

"ஊத்தாதே பாப்பா" என்று பிறகுதான் சொன்னேன்.

அக்காள் வந்தார். நான் அவரைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னேன். சத்தம் போட்டுக் காலரா என்று சொல்லியிருந்தால், அந்தக் கூட்டம் பத்து ஊருக்குச் சிதறி ஓடும். குடித்தவர்கள் யார், போனவர்கள் யார் என்று பிறகு தேடவே முடியாது. அண்டாவை உதைத்துத் தள்ளிவிடலாமா என்றும் ஒரு வேகம் வந்தது. செய்திருந்தால் அன்றைக்கு அங்கே என் பேச்சு எடுபடாது. நம் இலாகா ஆட்களை அந்த ஊருக்குள் மறுபடி விடவும் மாட்டார்கள்.

"சாமிக்கு வெச்சதக் கொட்டச் சொல்லாதீங்க தம்பி" என்றார் அவர். "பதினாறு வருஷ வேண்டுதல். நீங்கதான் கெணத்தச் செவக்க வெச்சீங்க, இப்ப ஏரியும் ஆகாதுன்னா நாங்க எங்க போறது?"

"கொட்ட வேணாங்க்கா. காய்ச்சுங்க. நல்லாக் கொதிக்கட்டும்."

"பானகத்த எவளாவது காய்ச்சுவாளா? ஊரு சிரிக்கும்."

"சுக்குத்தான் போட்டிருக்கீங்களே. நடந்து வந்தவங்களுக்குச் சுக்குத் தண்ணின்னு சொல்லிக் குடுங்க. சொம்பையும் வெந்நியில போடுங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார். அஞ்சலை வெறும் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவ குடிச்சிருந்தா?" என்று தணிந்த குரலில் கேட்டார். உடனே திரும்பி, "டேய், அடுப்பு மூட்டுங்கடா, ஜல்தியா!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்தது மயிலம். குடித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். திருவிழா முகாமில் இருக்கும் டாக்டருக்குச் சேதி போக வேண்டும். மகளை என்ன செய்வது? வண்டியில் ஏற்றினால் காலரா வரப்போகும் முகாமுக்கே கூட்டிப் போகிறேன். விட்டுப் போனால் தாகத்தோடு அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் விடுகிறேன். என் பாட்டிலில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் இருந்தது. முழுவதையும் அவளிடம் கொடுத்தேன். "இதத் தவிர வேற எதுவும் வாயில படக்கூடாது" என்றேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பிக் கிளம்பினேன். வண்டி நிற்காமல் ஓடியது. நான்தான் ஒவ்வொரு மைலிலும் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

சேதி முன்னால் போனதால் முகாமில் உப்புத் தண்ணீரும் கட்டில்களும் தயாராக இருந்தன. வந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கட்டிலாகப் போய் அந்தக் காவடிக்காரரைத் தேடினேன். முகமே சரியாகப் பார்க்காதவரை எப்படித் தேடுவது?

மகள் வீட்டுக்கு வந்தாள். அதற்குப்பிறகு வந்த நாட்களை நானும் தனபாக்கியமும் எப்படிக் கழித்தோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அவள் கொல்லைப்பக்கம் போனால் இருவரும் எழுந்து நிற்போம். அவள் சோற்றை ஒரு கவளம் குறைத்தால் எங்களுக்கு இறங்காது. அஞ்சலையோ வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, கடைசியாக் குடிச்சாரே அந்தக் காவடிக்காரரு, அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

"ஆகியிருக்காதும்மா."

"அவரு கெடாருப்பா. எல்லாரையும் எந்த ஊருன்னு கேட்டுக் கேட்டுத்தான் ஊத்துனேன்."

நோய் வருவதானால் வந்திருக்க வேண்டிய கெடு தாண்டியது. அன்று காலையில் தனபாக்கியம் விளக்கேற்றிக் கும்பிட்டாள். நான் மகளைப் பக்கத்தில் இழுத்து, "போச்சுடி, நம்ம வீட்டுக்கு வரல" என்றேன்.

"அவரு வீட்டுக்கு வந்துச்சாப்பா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். கெடார் என் பொறுப்பில் இருந்த ஊர்தான். அங்கிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. சேதி வராததை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை அடையாளம் காட்ட அவளை விட்டால் ஆள் இல்லை. தனபாக்கியம் வேண்டாம் என்று அழுதாள். "வண்டியவிட்டுக் கால கீழ வெக்க மாட்டேம்மா" என்று அஞ்சலை அவளுக்குச் சத்தியம் செய்தாள். பின்னால் உட்கார வைத்து, விழுப்புரம் தாண்டிக் கெடாருக்குப் போனேன்.

ஊர் முனையில் மல்லாட்டைக் கொல்லையில் வேலையாக இருந்தவரிடம் கேட்டேன்.

"மயிலம் போனவரா? அதோ அந்தக் கூர வீடுதாங்க. வந்ததுலேருந்து படுத்துக்கினு கீறாரு. வேனல் தாக்கிடுச்சு."

வீட்டு வாசலில் ஒரு பெண் துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"எறக்கி வைங்கம்மா!" என்றேன். வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் கத்தினேன். அவள் பயந்து அப்படியே போட்டாள்.

"அவரு துணிங்க ஐயா. வாந்தி, வயித்தால. பக்கத்துலயே உக்காந்து கெடந்தேன், அலசப் போவ முடியல. இன்னிக்கித்தான் எழுந்து கஞ்சி குடிச்சாரு. கெணத்தாண்ட போயி அலசிக்கினு வரலாம்னு..."

அந்த மூட்டை கிணற்றுக்குப் போகவில்லை. வாசலிலேயே அடுப்பு வைத்துக் கொதிக்க வைத்தோம். கெடாரில் வேறு ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் அது அப்புறம். முதலில் நான் உள்ளே போனேன். கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாக அவர் படுத்திருந்தார். திறந்த கதவு வழியாக வண்டியின்மேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டார்.

"பானகம் குடுத்த பாப்பாதானே அது?" என்றார். சிரித்தார். "நல்லாத் தித்திப்பா இருந்துச்சு."

கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். இந்தத் தொழிலில் அதுவரை யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. நீங்கள் படுத்தது வேனலால் இல்லை, அந்தப் பானகத்தால்தான் என்றேன். ஏரித் தண்ணீரைச் சொன்னேன். அதற்கு முன்னால் நான் கிணற்றில் போட்ட மருந்தைச் சொன்னேன். சொம்பு அவர் கையில் இருந்தபோது நான் அங்கே நின்றதையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எனக்கு அவர் கோபப்பட்டால் தேவலாம் போல இருந்தது.

நான் முடித்ததும் மெல்லத் தலையைத் திருப்பி, வாசல் பக்கம் பார்த்து, காய்ந்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு கேட்டார்:

"பாப்பா குடிக்கலயேங்க?"